இன்வெர்ட்டர், 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி: வருடக்கணக்கில் ஓட்டினால் தெரிவது

2012-ல் தமிழ்நாட்டு மாவட்டங்களில் பாதி நாள் கரண்ட் இருக்காது. இப்போது போவது பெரும்பாலும் மாதாந்திரப் பராமரிப்புக்கு, காற்று மழையில் ஃபீடர் (துணை மின்நிலையத்திலிருந்து ஊருக்கு வரும் லைன்) ட்ரிப் ஆவதற்கு, கோடை இரவில் டிரான்ஸ்ஃபார்மர் ஃபியூஸ் போவதற்கு. அன்றைய கணக்கில் இன்று இன்வெர்ட்டர் வாங்கக் கூடாது.

150 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு), 12 வோல்ட் என்றால் காகிதத்தில் 1800 வாட்-அவர். அதுவும் 7.5 ஆம்பியராக 20 மணி நேரம் இழுத்தால்தான். வீட்டு லோடில் கைக்கு வருவது 1100 பக்கம். 75 வாட் பழைய ஃபேன் மூன்றும் விளக்குகளும் ஓடினால் நாலு மணி நேரம். காலை 9 மணிக்கு ஷட்டவுன் எடுத்து 2 மணிக்கு விடும் நாளில் கடைசி நேரம் வியர்வைதான். அதே மூன்றையும் 30 வாட் பி.எல்.டி.சி. ஃபேனாக (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை) மாற்றினால் எட்டு மணி நேரம் தாங்கும். இரண்டாவது பேட்டரி வாங்குவதைவிட இது மேல்.

பலரும் கோட்டை விடுவது இன்வெர்ட்டரில் உள்ள மோட் ஸ்விட்ச்சில். யு.பி.எஸ். மோடில் வைத்தால் வோல்டேஜ் சுமார் 180-க்குக் கீழே இறங்கியதும் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தாவிவிடும். லைனின் கடைசியில் இருக்கும் வீடுகளில் மாலை ஏழு மணிக்கு இது தினசரிக் கதை. தெருவில் கரண்ட் இருக்கும், உங்கள் பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டிருக்கும். இரவு உண்மையிலேயே போகும்போது அரை மணியில் பீப் அடித்து அணைந்துவிடும். 'பேட்டரி போச்சு' என்று கடைக்குத் தூக்குவதற்கு முன் இகோ மோடுக்கு மாற்றிப் பாருங்கள்; அதில் 100 வோல்ட் வரை மெயினிலேயே ஓடும். டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இருந்தால் மட்டும் யோசிக்கணும், மாறும் நொடியில் ரீஸ்டார்ட் ஆகலாம்.

முழுக்க இறங்கிய பேட்டரி ஏற 10 முதல் 12 மணி நேரம் ஆகும். அரைகுறையாக ஏறி மறுபடி இறங்கினால் தகட்டில் சல்பேட் படியும். 2012-ல் ஒரு மணி விட்டு ஒரு மணி கரண்ட் போன ஊர்களில் பேட்டரிகள் சீக்கிரம் செத்ததற்கு அதுதான் காரணம்.

டிஸ்டில்டு வாட்டர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முழு சார்ஜ் ஆன பிறகு. முதலிலேயே நிரப்பினால் சார்ஜ் ஏறும்போது ஆசிட் பொங்கி டெர்மினலில் பூக்கும். ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம்.

வயரிங்கில் ஒன்று: இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை மெயின் நியூட்ரலோடு கலந்தால் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு இருந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச்) காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். எலக்ட்ரீஷியனிடம் தனி நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள், சுவர் பூசுவதற்கு முன்பே.