கலெக்டரா, கமிஷனரா, தனி ஆணையரா? வேலூர் பஸ் பர்மிட் யார் கையில் இருக்க வேண்டும்

குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு ஒரு வண்டி எடுத்த மூன்றாவது நிமிடத்தில் அடுத்த வண்டிக்கு டைமிங் இருந்தால் என்ன ஆகும் என்பது பஸ்ஸில் போகிற எவருக்கும் தெரியும். முன்னால் போகிறவர் ஆள் பிடித்தபடி பள்ளிகொண்டா வரை உருட்டுவார். பின்னால் வருகிறவர் ஏர் ஹாரனை அழுத்தியபடி முந்தப் பார்ப்பார். இரண்டும் போன பிறகு ஸ்டாப்புக்கு வருகிறவர் வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உடனே வருகிற கேள்வி, "ஆர்.டி.ஓ. என்ன செய்கிறார்?" சட்டப்படி அந்தக் கேள்வியை முதலில் கேட்க வேண்டிய இடம் ஆர்.டி.ஓ. அல்ல, கலெக்டர்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 68-வது பிரிவு இரண்டு அமைப்புகளை உண்டாக்குகிறது: மாநிலம் முழுவதற்கும் மாநிலப் போக்குவரத்து ஆணையம், பகுதிவாரியாக வட்டாரப் போக்குவரத்து ஆணையம். தமிழ்நாட்டில் வட்டார ஆணையம் என்றால் மாவட்ட ஆட்சியர். வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அதன் செயலாளர். மாநில ஆணையத்தின் அதிகாரம் சென்னையில் இருக்கும் போக்குவரத்து ஆணையரிடம். இவர்கள் இருவரையும், பிரிட்டனில் 1930 முதல் இருந்துவரும் தனி ஆணையர் முறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேலூர்ப் பயணிக்கு எது உதவும், எது உதவாது என்பது ஓரளவு தெளிவாகிவிடும்.

நியமனம்: யாரை உட்கார வைக்கலாம்

68-வது பிரிவு தலைவருக்கு வைக்கிற தகுதி ஒன்றுதான்: நீதித்துறை அனுபவம், அல்லது ஏதாவது ஒரு சட்டத்தின் கீழ் மேல்முறையீடோ சீராய்வோ விசாரித்த அல்லது தீர்ப்பளிக்கும் அதிகாரியாக இருந்த அனுபவம். வருவாய்த்துறை மேல்முறையீடுகளைக் கேட்பவர் என்பதால் கலெக்டர் இதில் பொருந்திவிடுகிறார். வட்டார ஆணையத்தில் தலைவரோடு இன்னும் 2 பேர் வரையிலும், மாநில ஆணையத்தில் 4 பேர் வரையிலும் நியமிக்கலாம். தகுதியுள்ள ஒரே அதிகாரியை வைத்தும் ஆணையத்தை அமைக்கலாம். போக்குவரத்து நிறுவனத்தில் பண ஆதாயம் உள்ளவர் உறுப்பினராக முடியாது. பதவியில் இருக்கும்போது அப்படி ஆதாயம் வந்தால் 4 வாரத்துக்குள் அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு விலக வேண்டும்.

இந்தப் பிரிவில் பதவிக்காலம் பற்றி ஒரு சொல் கூடக் கிடையாது. கலெக்டர் மாற்றலாகிப் போனால் ஆணையமும் அன்றைக்கே ஆள் மாறுகிறது. பாதி விசாரித்த டைமிங் தகராறு புதியவர் மேசைக்கு முதலிலிருந்து வருகிறது.

பிரிட்டனில் டிராஃபிக் கமிஷனர் என்பவர் போலீஸ் அதிகாரி அல்ல. பஸ், லாரி கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுப்பதும் பிடுங்குவதும்தான் அவருடைய வேலை. நியமிப்பவர் போக்குவரத்து அமைச்சர். ஆனால் நியமித்த பிறகு, இந்தக் கம்பெனியை விடு, அந்தக் கம்பெனியைப் பிடி என்று தனி வழக்கில் அமைச்சர் உத்தரவிட முடியாது. 2008-ஆம் ஆண்டு உள்ளூர்ப் போக்குவரத்துச் சட்டம் இவர்களுக்கு மேலே மூத்த டிராஃபிக் கமிஷனர் என்ற பதவியைச் சட்டப் பதவியாக்கியது. எந்த ஆணையர் எந்தப் பகுதியில் வேலை பார்ப்பது என்பதை அவர் முடிவு செய்கிறார். எல்லா ஆணையர்களுக்கும் பொதுவான நெறிமுறைகளை எழுதி வெளியிடுகிறார். சக ஆணையரின் தீர்ப்பை மாற்றும் அதிகாரம் மட்டும் அவருக்கும் இல்லை. அது மேல் தீர்ப்பாயத்தின் வேலை. நியமிக்கும் கை வேறு, தீர்ப்பு எழுதும் கை வேறு என்று ஆக்கிய இந்த ஏற்பாடுதான் அந்த முறையில் நாம் கவனிக்க வேண்டியது.

கலெக்டர்: கை எட்டும், நேரம் எட்டாது

கலெக்டரிடம் பஸ் பர்மிட் இருப்பதில் பெரிய லாபம் உண்டு. ஒரு ரூட்டில் பஸ் ஓட வேண்டுமானால் ரோடு அகலமாக வேண்டும், ஊராட்சி நிழற்குடை கட்ட வேண்டும், ஆக்கிரமிப்பு எடுக்க வேண்டும், போலீஸ் ஒத்துழைக்க வேண்டும். இத்தனைக்கும் ஒரே கூட்டத்தில் பதில் வாங்கக் கூடியவர் மாவட்டத்தில் அவர் ஒருவர்தான். ஒடுகத்தூர் பக்கத்து மலைக் கிராமத்துக்காரர் மனு கொடுக்கச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. திங்கட்கிழமை சத்துவாச்சாரி வந்தால் போதும்.

புதிய மினி பஸ் திட்டத்தில் இந்த உள்ளூர் அறிவுக்கு நேரடி மதிப்பு உண்டு. பழைய திட்டத்தில் மொத்த ரூட் 20 கிலோமீட்டர். அதில் ஏற்கெனவே பஸ் ஓடுகிற சாலை 4 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. 2025-இல் நடைமுறைக்கு வந்த திட்டத்தில் உச்ச வரம்பு 25 கிலோமீட்டர். அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் இல்லாத சாலையாக இருக்க வேண்டும். முழு 25 எடுத்தால் 16.25 கிலோமீட்டர் புதுச் சாலை, 8.75 வரை பழைய சாலை. தகராறு கிளம்புவது இந்த அளவையில்தான். ரூட்டின் ஒரு முனையை மெயின் ரோட்டில் அரை கிலோமீட்டர் தள்ளி வைத்தாலே கணக்கு மாறிவிடும். வரைபடத்தை மட்டும் நம்பாமல் பிரேக் இன்ஸ்பெக்டர் நேரில் ஓடிப் பார்த்து, எந்த மைல்கல்லிலிருந்து எதுவரை என்று எழுதிய அறிக்கை ஃபைலில் இருக்க வேண்டும். அது இல்லாத பர்மிட் பிற்பாடு தீர்ப்பாயத்தில் தடுமாறும்.

குறை எங்கே என்றால், கலெக்டருக்கு இது பத்தோடு பதினொன்று. வெள்ளம், தேர்தல், பட்டா, கொள்முதல் எல்லாம் முடிந்துதான் பஸ் ஃபைல். அதனால் டைமிங் போன்ற அன்றாட வேலை செயலாளர் மேசையில் உருவாகிறது. ஆணையம் என்று கையெழுத்துப் போடுகிறவருக்கு அந்த ரூட்டின் நெரிசல் நேரம் தெரிந்திருக்க வாய்ப்புக் குறைவு.

தண்டிக்கும் அதிகாரம் காகிதத்தில் பலமாகவே இருக்கிறது. 86-வது பிரிவின்படி நிபந்தனை மீறினால் பர்மிட்டை நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். அதற்கு முன் விளக்கம் கேட்க வேண்டும். அதே பிரிவின் 5-வது உட்பிரிவு, உரிமையாளர் ஒப்புக்கொள்ளும் ஒரு தொகையைக் கட்டினால் நிறுத்திவைப்பைத் தவிர்க்கலாம் என்கிறது. நேரம் இல்லாத ஆணையத்துக்கு இது சுலபமான வழி. பணம் கட்டினால் ஃபைல் மூடும். அடுத்த வாரம் அதே சிங்கிள் (ஒரு வழி ட்ரிப்) அதே மாதிரி ஓடும். இந்த உட்பிரிவை இரண்டாம் முறை மீறுபவருக்குக் கொடுக்காமல் இருப்பது முழுக்க ஆணையத்தின் விருப்பத்தில் உள்ள விஷயம். கொடுக்கக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

கமிஷனர்: எல்லை தாண்டும்போது தவிர்க்க முடியாதவர்

2019 நவம்பரில் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டமான பிறகு, பழைய வட ஆற்காட்டின் சாதாரண ரூட்டுகள் பலவும் இரண்டு கலெக்டர் எல்லைக்குள் விழுந்துவிட்டன. ஆற்காடு போனால் ராணிப்பேட்டை. ஆம்பூர் போனால் திருப்பத்தூர். ஆரணி ரூட்டில் கணியம்பாடி தாண்டிக் கண்ணமங்கலம் வந்தாலே, 2019-க்கு முன்பிருந்தே, திருவண்ணாமலை மாவட்டம். 69-வது பிரிவுப்படி ரூட்டின் பெரும்பகுதி எந்தப் பகுதியில் இருக்கிறதோ அந்த ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். சரிபாதி என்றால் வண்டியை நிறுத்தி வைக்கிற பகுதியில். ஆரணி ரூட் மாதிரி ஏறக்குறைய பாதிப் பாதியாகப் போகிற தடத்தில் எந்தக் கிளைப் பாதையில் நுழைகிறோம் என்பதே ஆணையத்தை மாற்றிவிடலாம். விண்ணப்பத்தோடு மாவட்டவாரியாகக் கிலோமீட்டர் பிரித்த பட்டியல் வைக்காதவர்கள் ஃபைல் இங்கும் அங்கும் அலைவதைப் பார்க்க வேண்டிவரும்.

இந்த இடத்தில் மாநில ஆணையத்துக்கு 68(3) கொடுக்கும் அதிகாரம் முக்கியமானது: வட்டார ஆணையங்களை ஒருங்கிணைப்பது, பொது ரூட்டில் தானே அவற்றின் வேலையைச் செய்வது, அவற்றுக்குள் கருத்து வேறுபாடு வந்தால் தீர்ப்பது. காட்பாடி வழியாகச் சித்தூர் போகிற பஸ்ஸுக்கு இன்னும் ஒரு படி மேலே. இரண்டு மாநில அரசுகளும் ஒப்பந்த வரைவை அரசிதழிலும் நாளிதழிலும் வெளியிட்டு, குறைந்தது 30 நாள் கொடுத்துக் கருத்துக் கேட்ட பிறகுதான் பர்மிட் எண்ணிக்கை முடிவாகும். கிறிஸ்டியான்பேட்டை எல்லையில் எத்தனை பஸ் தாண்டலாம் என்பதில் வேலூர் கலெக்டரின் கையெழுத்துக்கு வேலை இல்லை.

போக்குவரத்து ஆணையரகம் உள்துறையின் கீழ் இருக்கிறது, அரசு பஸ் கழகங்கள் போக்குவரத்துத் துறையின் கீழ். செயலாளர் அளவில் இந்தப் பிரிவினை நல்லது. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தையும் அரசு பஸ்களையும் பார்ப்பவர் ஒரே அமைச்சர். கண்காணிக்க வேண்டியவரும் கண்காணிக்கப்படுகிறவரும் மேலே போய் ஒரே வாசலில் நிற்கிறார்கள். சென்னையிலிருந்து அணைக்கட்டு ஸ்டாப்பின் காலை நெரிசலைப் பார்க்க முடியாது என்ற தூரக் குறையைவிட இந்தக் குறை பெரியது.

தனி ஆணையர்: கம்பெனியையே பிடிக்கிறவர்

நம்மூரில் பர்மிட் வண்டியோடும் ரூட்டோடும் ஒட்டியது. பத்து பஸ் வைத்திருப்பவரின் ஒரு பர்மிட்டை நிறுத்தினால் மற்ற ஒன்பதும் ஓடும். பிரிட்டனில் லைசென்ஸ் கம்பெனிக்கு. நல்ல பெயர், பராமரிப்புக்குத் தேவையான பண இருப்பு, தேர்வு எழுதித் தகுதி பெற்ற போக்குவரத்து மேலாளர் ஆகியவை எப்போதும் இருக்க வேண்டும். பிரேக் பராமரிப்புப் பதிவேடு பொய் என்று தெரிந்தால் மொத்த லைசென்ஸும் விசாரணைக்கு வரும். மேலாளரைத் தனியாகத் தகுதி நீக்கமும் செய்யலாம். வண்டியைச் சோதிப்பது வேறு அமைப்பு. ஆணையர் தீர்ப்பு மட்டும் சொல்கிறார். விசாரணை திறந்த அவையில் நடக்கிறது, எழுத்துத் தீர்ப்புகள் வெளியாகின்றன.

நேரம் தவறுவதற்கும் அளவுகோல் உண்டு: 1 நிமிடத்துக்கு மேல் முன்னாலும் 5 நிமிடத்துக்கு மேல் பின்னாலும் போகக் கூடாது, 95 சதவீத ட்ரிப்புகள் இதற்குள் வர வேண்டும். பதிவு செய்த சேவையைக் காரணமில்லாமல் ஓட்டாவிட்டால், லைசென்ஸில் உள்ள வண்டி ஒன்றுக்கு 550 பவுண்டு வரை அபராதம். 40 வண்டி லைசென்ஸ் என்றால் 22,000 பவுண்டு வரை. ட்ரிப் கட் செய்த வண்டி ஒன்றுதான், கணக்கு நாற்பதுக்கும்.

இதைப் படித்ததும் அப்படியே இங்கே கொண்டுவரலாம் என்று தோன்றும். அவசரப்படக் கூடாது. 1986 அக்டோபரில் லண்டனுக்கு வெளியே ரூட் கட்டுப்பாட்டை பிரிட்டன் எடுத்துவிட்டது. கட்டுப்படியாகாத ரூட்டைக் கம்பெனி விட்டுவிட நினைத்தால், இங்கிலாந்தில் உள்ளாட்சிக்கு 28 நாள், ஆணையருக்கு 42 நாள், ஆக 70 நாள் முன்னறிவிப்புக் கொடுத்தால் போதும். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்று ஆணையர் சொல்ல முடியாது. அந்த ஏற்பாட்டை ஜமுனாமரத்தூர் மலைப்பாதையில் வைத்துப் பாருங்கள். சாயங்கால பஸ் முதலில் போய்விடும். மான்செஸ்டர் மாநகரப் பகுதி 2023 செப்டம்பர் முதல் 2025 ஜனவரிக்குள் படிப்படியாக எல்லா பஸ்ஸையும் திரும்பப் பொதுக் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவந்ததற்கு இந்த அனுபவமே காரணம்.

யார் வந்தாலும் மாறாதது

டிக்கெட் விலை 67-வது பிரிவின்படி அரசின் கையில். 2018 ஜனவரி கட்டண உயர்வும், 2021 மே மாதம் தொடங்கிய பெண்களுக்கான இலவச டவுன் பஸ் பயணமும் அரசின் முடிவுகள். எந்த ஆணையமும் விசாரித்து எடுத்தவை அல்ல. அரசு பஸ்ஸுக்கென்று திட்டம் போட்டு அறிவித்த ரூட்டில், கழகம் கேட்டால் 103-வது பிரிவின்படி ஆணையம் பர்மிட் கொடுத்தே ஆக வேண்டும். அந்தப் பிரிவு இடம்பெறும் அத்தியாயம், பர்மிட் பற்றிய அத்தியாயத்தை மீறி நிற்கும். ஆகவே கலெக்டருக்குப் பதில் மாவட்ட நீதிபதியையே உட்கார வைத்தாலும், அரசு டவுன் பஸ்ஸின் எண்ணிக்கையை அவர் கூட்ட முடியாது. நியமனத்தால் மாறக் கூடியவை தனியார் மொஃபசல் (வெளியூர்) பஸ் டைமிங், மினி பஸ், எல்லை தாண்டும் ரூட், தண்டனை ஆகிய நான்குதான். வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு அந்த நான்கும் சிறிய விஷயமல்ல.

எங்கள் தேர்வு இது: வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை நான்குக்கும் ஒரே பகுதி, முழுநேரத் தலைவர் ஒருவர், நீதித்துறை அனுபவத்தோடு, ஆணையிலேயே எழுதிய 3 ஆண்டுக் காலத்தோடு, கலெக்டர்களின் பிரதிநிதி ஒருவர் உறுப்பினர். பகுதிகளை வரையறுப்பது மாநில அரசின் அதிகாரம் என்பதால் புதுச் சட்டம் தேவையில்லை. திறந்த விசாரணை, வெளியிடப்பட்ட தீர்ப்பு, நேர அளவுகோல் மூன்றையும் பிரிட்டனிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ரூட்டைக் கைவிடும் சுதந்திரத்தை எடுக்க வேண்டாம். தனித் தலைவருக்குக் கலெக்டரைப் போல ரோடும் போலீஸும் கைக்கு எட்டாது என்பது உண்மையான இழப்பு. அதற்காகத்தான் அந்த உறுப்பினர் இடம்.

இன்றைய நிலையில் மனு எழுதுகிறவருக்கு

மனுவை வட்டாரப் போக்குவரத்து ஆணையத் தலைவர் என்று கலெக்டருக்கு எழுதி, செயலாளரான ஆர்.டி.ஓ.வுக்கு நகல் கொடுங்கள். "பஸ் சரியாக வருவதில்லை" என்ற மனு எங்கும் போகாது. வண்டிப் பதிவெண், எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கான சிங்கிள், ஸ்டாப் பெயர், அட்டவணை நேரம், உண்மையில் வந்த நேரம் ஆகியவற்றைத் தொடர்ந்து இரண்டு வாரம் எழுதிய தாள் வேண்டும், முடிந்தால் டிக்கெட்டோடு. அந்தத் தேதிகள் இருந்தால்தான் 86-வது பிரிவு நோட்டீஸில் குற்றம் குறிப்பாக வரும். பொத்தாம்பொதுவான நோட்டீஸ் மேல்முறையீட்டில் முதலில் விழும்.

ஆணை வந்த பிறகு, 89-வது பிரிவு மேல்முறையீடு பெரும்பாலும் பர்மிட் கேட்டவருக்கும் வைத்திருப்பவருக்கும் உரிய கதவு. அந்த வழி இல்லாத ஆணை முறையற்றது என்று காட்ட முடிந்தால் பாதிக்கப்பட்டவர் 90-வது பிரிவில் சென்னையில் உள்ள மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் சீராய்வு கேட்கலாம். ஆணைத் தேதியிலிருந்து 30 நாள்தான் கெடு. நகல் கைக்கு வந்த நாளிலிருந்து என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்தால் காலம் கடந்துவிடும். ஆணை போட்டது தெரிந்த அன்றே நகலுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.