பழைய 1911 பிஸ்டல்: வெறும் 'கிளிக்' எங்கிருந்து வந்தது?

.45 தோட்டா போடும் 1911 வகை பிஸ்டல். எனக்கு முன்பு வேறொருவர் பல வருடம் வைத்திருந்தது. குழல் சுத்தம், குறியும் தப்பாது. ஆனால் ஒவ்வொரு மேகசினிலும் (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டி) ஒரு தோட்டாவாவது மக்கர் பண்ணும். விசையை இழுத்தால் வெறும் 'கிளிக்'.

உடனே ஸ்லைடை (பிஸ்டலின் மேல்பக்கம் முன்னும் பின்னும் நகரும் பகுதி) இழுத்துவிடக் கூடாது. தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு. குழலை இலக்குப் பக்கமே வைத்து 30 நொடியாவது பொறுத்து, அப்புறம்தான் தோட்டாவை வெளியே எடுப்பேன். 'கிளிக்'குக்குப் பதில் மந்தமாக 'பொத்' என்று கேட்டால் கதையே வேறு. குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். குழலைப் பார்க்காமல் அடுத்ததைச் சுடவே கூடாது.

வெடிக்காத தோட்டாவின் அடிப்பக்கம், பிரைமரில் (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) விழுந்த பள்ளத்தைப் பாருங்கள். பாதித் துப்பு அங்கேயே கிடைக்கும். பள்ளம் ஆழமாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் சந்தேகம் தோட்டா மேல். நடுவைவிட்டு விலகி விழுந்திருந்தால், ஸ்லைடு முழுதாக மூடுகிறதா என்று பார்க்க வேண்டும். எனக்குப் பள்ளம் சரியாக நடுவில்தான் விழுந்திருந்தது, ஆனால் நகம் பட்ட தடம் போல மேலோட்டமாக. பிரைமரில் விழும் அடிக்கு வேகம் போதவில்லை.

இந்த வகையில் ஃபயரிங் பின் (பிரைமரை அடிக்கும் ஊசி) தன் துளையைவிடக் குட்டை. பின்னாலிருந்து ஹேமர் (சுத்தியல்) தட்டிய வேகத்தில் பாய்ந்துபோய்த்தான் பிரைமரை அடிக்கும். வழியில் அழுக்கு இருந்தால் அந்த வேகம் அங்கேயே செத்துவிடும். மேகசினைக் கழற்றி, சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) காலி என்று பார்த்துவிட்டு, பின்னைப் பிடித்திருக்கும் சின்னத் தகட்டைக் கீழே தள்ளி உருவினேன். (விரலால் மறைத்துக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் தெறித்து ஓடும்.) பின்னோடு கறுப்புப் பிசினும் வந்தது: எப்போதோ விட்ட எண்ணெய் கரியோடு சேர்ந்து இறுகியிருந்தது. சால்வென்ட் விட்டு, பஞ்சு வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடைத்தேன். துளைக்குள் மறுபடி எண்ணெய் விடவில்லை. சுத்தம் செய்கிறேன் என்று அங்கே எண்ணெயைப் பீய்ச்சுவதுதான் பலருக்கும் பழக்கம்.

கோளாறு நன்றாகக் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. விசை வேறு சந்தேகப்படும் அளவுக்கு லேசாக இருந்தது. கைப்பிடியின் பின்பகுதியைக் கழற்றினால், விசையை இலகுவாக்க யாரோ ஹேமருக்கு விசை தரும் மெயின்ஸ்பிரிங்கில் சில சுற்றுகளை வெட்டி எடுத்திருக்கிறார்கள்! வழக்கமான 23 பவுண்டு ஸ்பிரிங் போட்டதும் பள்ளம் ஆழமாக விழ ஆரம்பித்தது. கையோடு ஃபயரிங் பின் ஸ்பிரிங்கையும், ஸ்லைடை முன்னே தள்ளி மூடும் ரீகாயில் ஸ்பிரிங்கையும் மாற்றிவிட்டேன்; விலை சொற்பம்தான்.

அதற்குப் பிறகு கெட்டியான பிரைமர் உள்ள தோட்டாகூட முதல் அடியிலேயே வெடிக்கிறது. விசைதான் கொஞ்சம் கனமாகிவிட்டது, தூர இலக்கில் என் குண்டுகள் முன்பைவிடச் சற்று விரிந்து விழுகின்றன. அதற்காக மறுபடி லேசான ஸ்பிரிங் போடுவதாக இல்லை.