அப்பத்தாவுடன் அந்தமான்: ஹேவ்லாக்கா, நீலா, போர்ட் பிளேரே போதுமா?

மதுரையிலிருந்து அந்தமான் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் டூர் ஏஜென்ட் நீட்டும் ஐந்து இரவுத் திட்டத்தை அப்படியே வாங்கிக்கொள்கின்றன: போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், மறுபடி போர்ட் பிளேர். புதுமணத் தம்பதிகளுக்குப் பொருந்தும் திட்டம் அது. எழுபதைத் தாண்டிய அப்பத்தாவோ தாத்தாவோ கூட வந்தால் கணக்கு மாறுகிறது. எந்தக் கடற்கரை அழகு என்று பார்க்காதீர்கள். எத்தனை தடவை படகு ஏறி இறங்க வேண்டும் என்று எண்ணுங்கள். மூன்று ஊரையும் சுற்றினால் மூன்று படகுப் பயணம், ஆறு தடவை ஏறி இறங்குவது. ஒரே தீவுக்குப் போய்த் திரும்பினால் நான்கு. போர்ட் பிளேரிலேயே தங்கினால் பெரிய படகு தேவையே இல்லை.

(ஹேவ்லாக், நீல் தீவுகள் 2018 முதல் ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு. போர்ட் பிளேர் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம். டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் குழம்ப வேண்டாம்.)

முடிவெடுக்கும் முன் மதுரையிலேயே இரண்டு சோதனை செய்துவிடலாம். மீனாட்சி அம்மன் கோயில் ஆடி வீதியை நடுவில் ஒரு தடவை மட்டும் உட்கார்ந்து முழுதாகச் சுற்றிவர முடிகிறதா? டவுன் பஸ்ஸின் முதல் படியில் கம்பியைப் பிடித்து, யாரும் தூக்கிவிடாமல் ஏற முடிகிறதா? இரண்டும் முடிந்தால் நீல். முதலாவது மட்டும் முடிந்தால் போர்ட் பிளேர். நடை, படி இரண்டுமே சிரமமில்லாத, காலில் தெம்புள்ள பெரியவராக இருந்தால் மட்டும் ஹேவ்லாக்.

பஸ் படியைச் சொல்வதற்குக் காரணம் ஜெட்டி, அதாவது படகு ஏறி இறங்கும் துறை. கடல் வற்றும்போது படகு கீழே இறங்கி நிற்கும், ஏறும்போது மேலே வரும். நடுவில் போடும் பலகையும் அதற்கேற்பச் சரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய இரண்டு மீட்டர் வரை போகும். அஷ்டமி, நவமி, தசமி நாட்களில் வெகுவாகக் குறைந்துவிடும். அஷ்டமி நவமியில் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டோம் என்கிற குடும்பமும் இரண்டு நாள் முன்னதாகப் புறப்பட்டு, படகுப் பயணத்தை அந்தத் திதிகளில் வைத்துக்கொள்ளலாம். பலகையில் போகும்போது முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். பெரியவர் கையில் பை இருக்கவே கூடாது. தோளைப் பிடித்துத் தள்ளாமல் முன்னங்கையைத் தாங்கிக் கொடுங்கள்.

படகுக்குள் கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து பின்பக்கம் உள்ள இருக்கைகளில் ஆட்டம் குறைவு. முன்வரிசையில் ஜன்னல் காட்சி நன்றாக இருக்கும், தூக்கிப்போடுவதும் அங்கேதான் அதிகம். வாந்திக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அவோமின் போன்றவை வயதானவர்களுக்கு அதிக மயக்கத்தையும் தடுமாற்றத்தையும் தரும்; புராஸ்டேட் தொந்தரவு உள்ள தாத்தாவுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளவும் கூடும். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஹேவ்லாக்கின் பெருமை ராதாநகர் கடற்கரை. சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடிச் சான்றை 2020-இல் பெற்றது. அகலமான வெள்ளை மணல், பின்னால் நெடுமரங்கள். ஆனால் ஜெட்டியிலிருந்து அங்கே போக ஏறக்குறைய பன்னிரண்டு கிலோமீட்டர், தங்கும் விடுதிகளில் பலவும் தீவின் எதிர்ப்பக்கக் கரையில். ஆக ஒவ்வொரு தடவையும் வண்டி பிடிக்க வேண்டும். ராதாநகரில் அலை உண்டு, முழங்கால் அளவு நீரிலேயே பெரியவர்களைத் தள்ளிவிடும். எலிஃபென்ட் பீச் காட்டு வழியில் நடந்தோ சிறு படகிலோதான். முட்டிவலி உள்ளவருக்கு அது வேண்டவே வேண்டாம்.

நீல் சின்னத் தீவு, பெரும்பாலும் சமதரை. ஆட்டோவில் அரை நாளில் சுற்றிவிடலாம். ராம்நகர், சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர் என்று ஊர்ப் பெயர்களைக் கேட்டதுமே அப்பத்தாவுக்கு இடம் பழகிவிடும். ஜெட்டி நீளமானது, வெயிலில் அந்த நடைதான் இங்கே கஷ்டம். குடையும் தண்ணீரும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். கரையிறங்கியதும் பக்கத்திலேயே பரத்பூர் கடற்கரை. பவளப்பாறை அலையைத் தடுத்துவிடுவதால் தண்ணீர் ஆழமில்லாமல் அமைதியாகக் கிடக்கும். கடலில் கால் நனைக்க ஆசைப்படும் பெரியவருக்கு இந்த மூன்று ஊர்களிலும் இதைவிடத் தோதான இடம் கிடையாது.

ஒன்றை மட்டும் சரியாகச் செய்ய வேண்டும். பரத்பூரில் குளிக்கக் கடல் ஏறியிருக்க வேண்டும். வற்றினால் பவளக்கல் வெளியே வந்து பாதத்தைக் கிழிக்கும். லட்சுமண்பூர் இரண்டாம் கடற்கரையில் உள்ள இயற்கைப் பாறைப் பாலத்தைப் பார்க்கக் கடல் வற்றியிருக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் அமையாது. ஓதம் (கடல் ஏறி வற்றுவது) ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் போன வாரம் போனவர் சொன்ன நேரம் உதவாது, விடுதியில் அன்றைய நேரத்தைக் கேளுங்கள். பாலத்துக்குப் போகும் வழி பாசி படிந்த வழுக்குப் பாறை. பெரியவரை அங்கே அழைத்துப் போகாமல், ஒருவர் துணையோடு பரத்பூர் நிழலில் இளநீரோடு உட்காரவைத்துவிட்டு மற்றவர்கள் போய் வரலாம்.

அறை போடும்போது புகைப்படத்தை நம்பாதீர்கள். மரக் குடில்கள் பலவும் தூண் மேல் நிற்கும், நாலைந்து படி, கைப்பிடி இருக்காது. தரைமட்ட அறையா, வெஸ்டர்ன் டாய்லெட்டா என்று போனில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். நீலில் குடியேறியவர்கள் பெரும்பாலும் வங்காளிகள். சமையலில் கடுகெண்ணெய் வாசம் தூக்கலாக இருக்கும். பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கொண்டுபோனால் சோறும் தயிரும் வாங்கிச் சமாளிக்கலாம்.

போர்ட் பிளேர் மட்டும் போதும் என்று முடிவெடுப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஜி.பி. பந்த் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. இதய நோயாளிக்கும் இன்சுலின் போடுபவருக்கும் இது ஒன்றே போதுமான காரணம். ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆரம்ப சுகாதார நிலையம்தான். செல்லுலார் சிறையில் சிறகுபோல் விரிந்த ஏழு கட்டடங்களில் மூன்றுதான் மிச்சம். தரைத்தளத்தை மட்டும் பார்த்தாலே மனம் கனத்துப்போகும், மாடிப்படி அவசியமில்லை. மாலை ஒலி-ஒளிக் காட்சிக்கு உட்கார இடமுண்டு. ராஸ் தீவுக்குச் சிறு படகில் இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம், மேட்டில் ஏற பேட்டரி கார் உண்டு. ஊருக்குள் தமிழர்கள் நிறைய. இட்லி கிடைக்கும், வெற்றிமலை முருகன் கோயிலும் இருக்கிறது.

எதைத் தேர்ந்தாலும் காலம் முக்கியம். பள்ளி விடுமுறை என்று மே மாதம் போகிறவர்கள் முதல் வாரத்திலேயே திரும்பிவிடுவது நல்லது. தென்மேற்குப் பருவமழை கேரளத்துக்கு முன்பே அந்தமானைத் தொட்டுவிடும், கடல் கொந்தளித்தால் படகை நிறுத்திவிடுவார்கள். பிப்ரவரி, மார்ச்சில் கடல் அடங்கியிருக்கும். அங்கே ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கும், விடியலும் அதுபோல் சீக்கிரம். காலை ஆறு முதல் பத்தரை வரை ஊர் சுற்றி, மதியம் படுக்க வைத்து, நாலு மணிக்கு மேல் கடற்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் விமானம் மாற வேண்டியிருக்கும் என்பதால் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டுப் பதிவு செய்யுங்கள். மாத்திரை, இன்சுலின் எல்லாம் கைப்பையில். விமானம் இறங்கிய அன்றே படகு ஏறாதீர்கள். திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு கண்டிப்பாகப் போர்ட் பிளேரில்தான் தங்க வேண்டும். நீலில் படகு ரத்தானால் விமான டிக்கெட்டும் போய்விடும்.