டாஃப்னி ஓராம்: இரண்டு குறுந்தட்டுகளில் ஒரு வாழ்நாள் உழைப்பு

இங்கிலாந்தின் மின்னணு இசை முன்னோடி டாஃப்னி ஓராமின் (1925–2003) ஒலிப்பதிவுகளைத் திரட்டி 2007-இல் வெளியான 'ஓராமிக்ஸ்' இரட்டைக் குறுந்தட்டுத் தொகுப்பை முதன்முறை கேட்பவர்கள், வரிசையைப் பொருட்படுத்தாமல், 1960-ஆம் ஆண்டுப் படைப்பான 'ஃபோர் ஆஸ்பெக்ட்ஸ்' என்பதிலிருந்து தொடங்கலாம். நீண்ட சுரங்கள் அவசரமின்றி எழுந்து தேய்வதைக் கேட்கும்போது அதன் வயதை நம்ப முடியவில்லை.

1943-இல் பிபிசியில் சேர்ந்த ஓராம், 1958-இல் அங்கே, நிகழ்ச்சிகளுக்கான மின்னணு ஒலிகளை உருவாக்கும் பிரிவான ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப் உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். ஆயினும் மறு ஆண்டே விலகி, கென்ட் வட்டாரத்தில் பீர் தயாரிப்பில் சேர்க்கும் ஹாப் பூக்களை உலர்த்தப் பயன்பட்ட பழைய கட்டடமொன்றில் சொந்த ஒலிக்கூடம் அமைத்தார். அங்கு அவர் வடிவமைத்த ஓராமிக்ஸ் கருவியில், ஒரே வேகத்தில் நகரும் பத்து 35 மி.மீ. படச்சுருள்களில் கையால் இட்ட குறிகளும் கோடுகளும் ஒளியை மறைக்க, அந்த ஏற்ற இறக்கத்தை ஒளிமின்கலங்கள் சுருதியாகவும் ஒலியளவாகவும் மாற்றின. இசையை வாசிக்காமல் வரைந்தார் என்றே சொல்லலாம்.

தலைப்பைப் பார்த்து, இத்தொகுப்பிலுள்ள அனைத்தும் அக்கருவியில் பிறந்தவை என்று எண்ணிவிடக் கூடாது. பல பதிவுகள் ஒலிநாடாவை வெட்டி ஒட்டி உருவாக்கியவை. விளம்பரங்களுக்காகச் செய்த சிறு துணுக்குகள் குறும்பானவை என்றாலும், நெடிய படைப்புகளுக்கிடையே அவை குறுக்கிடுவது எனக்குச் சற்று எரிச்சலூட்டியது. பிழைப்புக்காகச் செய்த வேலையிலும் அவர் சோதனையைக் கைவிடவில்லை என்பதற்கு அவையே சான்று என்பதால், நீக்கியிருக்கலாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. ஹெட்ஃபோனில், ஒரே அமர்வில் ஒரு தட்டுக்கு மேல் போகாமல் கேளுங்கள்.