ஸ்டாக்கிங்கா, ஃபைபர் அப்லிங்க்கா?

கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை என்றால் அலுவலகம் ஓரிடம், கிடங்கு ஓரிடம் என்று தள்ளித்தள்ளித்தான் இருக்கும். அங்கே கணினி நெட்வொர்க் சுவிட்சுகளை எப்படி இணைப்பது? பல சுவிட்சுகளைப் பிணைத்து ஒன்றாக்கும் ஸ்டாக்கிங்கா, சுவிட்சுக்குச் சுவிட்ச் கண்ணாடி இழைக் கேபிள் இழுக்கும் ஃபைபர் அப்லிங்க்கா?

ஒரே ரேக்கில் மூன்று நான்கு சுவிட்சுகள் இருந்தால் தயங்காமல் ஸ்டாக் செய்யுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரே சுவிட்சாக நடந்துகொள்ளும். ஒரே ஐபி முகவரியில் நிர்வகிக்கலாம். ஆனால் ஒரே நிறுவனத்தின் பொருந்தும் மாடல்களாக இருக்க வேண்டும். ஸ்டாக்கிங் கேபிளும் பெரும்பாலும் சில மீட்டர்தான்.

கட்டடம் விட்டுக் கட்டடம் போனால் ஃபைபர்தான். செப்பு ஈதர்நெட் 100 மீட்டரோடு நின்றுவிடும். அதைவிட முக்கியம், ஐப்பசி கார்த்திகை இடிமழையில் செப்புக் கம்பி வழியே வரும் மின்னல் பாய்ச்சல் போர்ட்டுகளைக் கருக்கிவிடும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. உலோகக் கவசம் உள்ள ஃபைபர் கேபிள் என்றால் கவசத்தை எர்த் செய்தே ஆக வேண்டும்.

அப்புறம், போர்ட்டைப் பார்த்து வாங்குங்கள். ஃபைபர் மாட்யூலைச் செருகும் போர்ட் எஸ்எஃப்பி என்றால் வேகம் 1 ஜிபிபிஎஸ் (நொடிக்கு ஒரு கிகாபிட்), எஸ்எஃப்பி பிளஸ் என்றால் 10. வடிவம் ஒன்றே என்பதால் 10ஜி மாட்யூல் 1ஜி போர்ட்டில் நுழையும், ஆனால் பொதுவாக வேலை செய்யாது. ஃபைபரிலும் குறுந்தூரத்துக்கு மல்டிமோட், நெடுந்தூரத்துக்கு சிங்கிள்மோட் என்று வகை உண்டு: ஓஎம்3 ரக மல்டிமோடில் 10ஜி எஸ்ஆர் (குறுந்தூர) மாட்யூல் 300 மீட்டர் போகும், சிங்கிள்மோடில் எல்ஆர் (நெடுந்தூர) மாட்யூல் 10 கிலோமீட்டர். புதிதாகப் பள்ளம் தோண்டினால் சிங்கிள்மோடையே இழுங்கள்.

சில மாடல்களில் எஸ்எஃப்பி பிளஸ் வழியே ஃபைபரிலேயே ஸ்டாக் செய்யலாம். கட்டடங்களுக்கு நடுவே அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஃபைபர் அறுந்தால் ஸ்டாக் இரண்டாகப் பிரிந்து, இரு பக்கமும் ஒரே ஐபியோடு நிற்கக்கூடும்.