50 மிமீ தூக்கிய பிறகும் உரசிய டயர்: மூன்று வருட அனுபவம்

போன வாரம் என் வண்டியின் முன் ஆக்சிலை (இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) சேஸியோடு பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம்களின் ரப்பர் புஷ்களை மறுபடியும் மாற்றினேன். கையிலிருந்த கிரீஸைக் கழுவுவதற்குள் நண்பர் ஒருவர் அழைத்தார். "2 இன்ச் லிப்ட் போட்டா 265 டயர் உரசாம போகும்ல?" லிப்ட் என்றால் உயரமான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தூக்குவது, 2 இன்ச் என்பது சுமார் 50 மிமீ. 265 என்பது டயரின் அகலம், மிமீ-இல். அவரிடம் இருப்பதும் என்னுடைய அதே மாடல் வண்டிதான். போகும் என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. இந்த உரசலோடு போராடியே என் முதல் வருடம் போனது. அதனால் முழுதாக எழுதிவிடுகிறேன்.

முதலில் வண்டியைப் பற்றி. லேடர் சேஸி (ஏணி போன்ற அடிச்சட்டம்), முன்னும் பின்னும் முழு ஆக்சில், நான்கு பக்கமும் காயில் ஸ்பிரிங். வண்டியோடு வந்த டயர் 245/75 ஆர்16, விட்டம் 774 மிமீ. நான் போட்டது 265/75 ஆர்16, 804 மிமீ. அதாவது டயர் மேல்பக்கம் 15 மிமீ கூடுதலாக வரும், அகலத்தில் பக்கத்துக்கு 10 மிமீ. வண்டியை 50 மிமீ தூக்குகிறோம், வேண்டியது 15 தானே, இடம் தாராளமாக இருக்கும் என்றுதான் நானும் கணக்குப் போட்டேன். வண்டி நிற்கும்போது பார்த்தால் கணக்கு சரியாகத்தான் தெரிந்தது. டயருக்கும் அதன் மேல் வளைந்திருக்கும் பாடியின் ஆர்ச்சுக்கும் நடுவே கை முழுதாக நுழைந்தது.

முதல் பள்ளத்திலேயே இடது முன் சக்கரம் 'க்ர்ர்ர்' என்று உரசியது. இறங்கிப் பார்த்தால் ஆர்ச்சின் உள்பக்க உறையான லைனர் தேய்ந்து, டயரின் தோள்பட்டையில் கறுப்புக் கோடு.

இங்கேதான் பலரும் ஏமாந்துபோகிறோம். லிப்ட் ஸ்பிரிங் மாற்றுவது வண்டி நிற்கும் உயரத்தை மட்டும்தான். சக்கரம் எதுவரை மேலே ஏறலாம் என்பதை முடிவு செய்வது பம்ப் ஸ்டாப், அதாவது மேலே ஏறும் ஆக்சிலைத் தடுத்து நிறுத்தும் ரப்பர் கட்டை. ஸ்பிரிங் முழுதாக அமுங்கி ஆக்சில் பம்ப் ஸ்டாப்பில் மோதும்போது, டயர் ஆர்ச்சுக்குள் இருக்கும் இடம் லிப்ட் போடுவதற்கு முன்னால் எங்கே இருந்ததோ அதே இடம்தான். அந்த இடத்தில் 15 மிமீ பெரிய டயரைத் திணித்தால் உரசாமல் என்ன செய்யும்? லிப்ட் கிட்டோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஆனால் நான் இந்த இடத்துக்கு வந்து சேரவே பத்து மாதம் ஆனது. முதலில் உயரத்தைச் சந்தேகப்பட்டேன். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து ஆர்ச்சின் விளிம்பு வரை அளந்தேன். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் தேய்மானமும் சேர்ந்து கணக்கைக் குழப்பிவிடும். லிப்டுக்கு முன் 490 மிமீ. லிப்ட் போட்ட பிறகு 555. 50 மிமீ கிட் 65 மிமீ தூக்கியிருக்கிறது! அப்போது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. காரணம் எட்டாவது மாதம் புஷ் கிழிந்தபோது தெரிந்தது. பட்டறையில் வண்டியைத் தூக்கி, ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஆர்ம் போல்ட்டுகளை இறுக்கிவிட்டிருக்கிறார்கள். ரப்பர் புஷ்ஷின் உள் குழாயை போல்ட் அப்படியே கவ்விக்கொள்ளும். வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு பாடியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். உயரம் கூடுதலாகக் காட்டும், ரப்பர் சீக்கிரம் கிழியும். புது புஷ் போட்டு, நான்கு சக்கரமும் தரையில் நின்று வண்டியின் எடை முழுதும் இறங்கிய பிறகு இறுக்கினோம். 545-க்கு வந்தது. ஸ்பிரிங் செட்டாகி இப்போது 541.

சரியாகச் செய்ததற்குக் கிடைத்த பலன், உரசல் அதிகமானது. 10 மிமீ தாழ்ந்துவிட்டதால் சின்னப் பள்ளத்துக்கும் சக்கரம் முன்பை விட மேலே போனது. அன்று கிட்டையே கழற்றிப் போட்டுவிடலாம் என்று தோன்றியது.

அப்புறம்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். சேஸியை ஸ்டாண்டில் நிறுத்தி, முன் ஸ்பிரிங் இரண்டையும் கழற்றி, டயரை மாட்டி, ஜாக்கியால் ஆக்சிலை மெதுவாக மேலே ஏற்றினேன். இடது டயர் ஆர்ச்சைத் தொட்டபோது ஆக்சிலுக்கும் பம்ப் ஸ்டாப்புக்கும் நடுவே இன்னும் 22 மிமீ பாக்கி. பம்ப் ஸ்டாப் ரப்பரும் அடிபடும்போது அமுங்கும் என்பதால், ஆக்சில் முன்னதாகவே நிற்கும்படி பம்ப் ஸ்டாப்பில் 40 மிமீ ஸ்பேசர் (கூடுதல் கட்டை) போட்டேன். சக்கரம் மேலே போகும் தூரம் குறைகிறதே என்று நண்பர் கேட்டார். 51 மிமீ தூக்கியதில் 40 போக, பழைய நிலையை விட 11 மிமீ கூடுதலாகத்தான் இருக்கிறது. லிப்டுக்காக நீளமான ஷாக் அப்சார்பர் போட்டவர்களுக்கு இந்த ஸ்பேசர் இன்னும் அவசியம். பம்ப் ஸ்டாப்புக்கு முன்னால் ஷாக் முழுதாக மூடிக்கொண்டால் அடி முழுதும் ஷாக்கின் மேல்தான் விழும், மவுண்ட் உடையும். இரண்டு பக்கமும் சேர்த்து ஏற்றிப் பார்த்தால் மட்டும் போதாது. ஒரு பக்கம் மட்டும் ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் ஃபுல் லாக் வரை, அதாவது கடைசி வரை, திருப்பியும் பார்க்க வேண்டும்.

இடது பக்கம் மட்டும் ஏன் உரசியது என்பதும் அன்றே புரிந்தது. பான்ஹார்டு ராடு, அதாவது ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் அதைச் சேஸியோடு பிடித்திருக்கும் குறுக்குக் கம்பி. வண்டியைத் தூக்கினால் அந்த ராடு இன்னும் சரிவாகி, ஆக்சிலை சேஸியில் தான் பிடித்திருக்கும் பக்கமாக இழுக்கும். என் வண்டியில் இடது பக்கம் 7 மிமீ நகர்ந்திருந்தது. இடது டயர் வெளியே துருத்தி ஆர்ச்சை உரசியது. வலது டயர் உள்ளே ஒதுங்கி, ஃபுல் லாக்கில் ரேடியஸ் ஆர்மை உரசியது. நீளத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய ராடு போட்டு ஆக்சிலை நடுவுக்குக் கொண்டுவந்ததும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. இந்த மூன்று வருடத்தில் நான் மனதாரச் சந்தோஷப்பட்ட பொருள் அந்த ஒரு ராடுதான்.

இதற்கு நடுவே ஒருவர் சொல்லி, சக்கரத்தை வெளியே தள்ளி வைக்கும் 25 மிமீ வீல் ஸ்பேசரும் போட்டுப் பார்த்தேன். ஆர்மில் உரசுவது நின்றது. ஆனால் டயர் வெளியே போனதால் திரும்பும்போது அகலமாகச் சுழன்று பம்பர் மூலையில் இடித்தது. ஒரே வாரத்தில் கழற்றிவிட்டேன். மிச்சமிருந்த ஆர்ம் உரசலுக்கு ஸ்டீயரிங் நாக்கிளில் (சக்கரத்தோடு சேர்ந்து திரும்பும் பாகம்) இருக்கும் ஸ்டாப் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே எடுத்து, சக்கரம் திரும்பும் அளவைக் குறைத்தேன். வண்டி திரும்ப இப்போது கொஞ்சம் கூடுதல் இடம் கேட்கிறது, அவ்வளவுதான். லிப்டால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு) மாறி நேர் ரோட்டில் ஸ்டீயரிங் அலைந்ததற்கு, ரேடியஸ் ஆர்மில் காஸ்டர் கரெக்‌ஷன் புஷ் போட வேண்டியிருந்தது. போன வாரம் மாற்றியது அவற்றைத்தான்.

நியாயமாகச் சொன்னால் ஸ்பிரிங்கின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இத்தனை மலைப்பாதைக்கும் ஆற்றுப்படுகைக்கும் பிறகு இரண்டு பக்கமும் அதே 541-இல் நிற்கிறது. பாறை மேல் ஏறும்போது பம்பர் முன்பு இடித்த இடங்களில் இப்போது இடிப்பதில்லை. சரிவில் வயிறு தட்டுவதில்லை. ஓட்டவும் நிதானமாக இருக்கிறது. ஆனால் ஆக்சிலில் தொங்கும் டிஃபரன்ஷியல் (சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் உருண்டை) தரையிலிருந்து எவ்வளவு உயர்ந்தது? டயர் கொடுத்த 15 மிமீ மட்டுமே. 50 மிமீ லிப்ட் அங்கே ஒரு மில்லிமீட்டர் கூடச் சேர்க்கவில்லை. பல இடங்களில் கல்லில் தட்டுவது அந்த உருண்டைதான்.

அதனால் நண்பருக்கு என் பதில், லிப்ட் வேண்டாம். பழைய ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு, பம்ப் ஸ்டாப்பில் மட்டும் ஸ்பேசர் போட்டு 265-ஐ மாட்டட்டும். சக்கரம் மேலே போகும் தூரம் கொஞ்சம் குறையும், அவர் போகும் பாதைக்கு அது போதும். டிஃபரன்ஷியலுக்குக் கிடைக்கும் 15 மிமீ அவருக்கும் அப்படியே கிடைக்கும். பான்ஹார்டு ராடும் காஸ்டர் புஷ்ஷும் தேடி அலைய வேண்டியதில்லை. பிறகு ஸ்டீல் பம்பரும் வின்ச்சும் (சிக்கிய வண்டியை இழுக்கும் கருவி) போடுவதாக இருந்தால், அந்த எடையை ஏற்றிய பிறகு உயரத்தை அளந்து, அதற்குத் தகுந்த ஸ்பிரிங் எடுக்கலாம்.

"அப்போ உன் வண்டிய இறக்கிடுவியா?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். ஒவ்வொரு மில்லிமீட்டரையும் நானே அளந்து சரிசெய்த வண்டி அது, இனி அப்படியேதான் இருக்கும். டயர் வாங்குவதற்கு முன் அவரை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். என்னுடைய டயரையே அவர் வண்டியில் மாட்டி, ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கியை வைத்து ஏற்றிப் பார்த்துவிடலாம்.