கன்றுகளுக்குப் புரோபயாடிக்: பவுடர் சரி, பாக்கெட்தான் பிரச்சினை

மாடு வளர்ப்பில் புதிதாக இறங்கியிருக்கும் நண்பர் ஒருவர் போன் செய்தார். "கன்றுகளுக்கு ஏதோ புரோபயாடிக் பவுடர் போடுகிறீர்களாமே, நானும் வாங்கலாமா?" என்றார். போனில் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதனால் எழுதிவிடுகிறேன். புரோபயாடிக் என்றால் குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்.

முதலில் ஒன்று. பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் வயிறு நிறையச் சீம்பால் குடிக்காத கன்றுக்கு எந்தப் பவுடரும் கைகொடுக்காது. மாட்டினத்தில் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருப்பையிலேயே கன்றுக்குக் கிடைப்பதில்லை, சீம்பால் வழியாகத்தான் வரவேண்டும். நேரம் போகப் போகக் குடல் அதை உறிஞ்சுவது குறைந்து, ஒரு நாளில் சுத்தமாக நின்றுவிடும். இதெல்லாம் தெரிந்தவர்கள் மேலே படியுங்கள்.

நான் போடுவது கலவைப் பவுடர். லாக்டோபேசில்லஸ், பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இரண்டு நல்ல பாக்டீரியா, கூடவே ஈஸ்ட். ஒரு கன்றுக்கு ஒரு நாளைக்கு 5 கிராம்.

பலன் உண்டா? உண்டு. முன்பெல்லாம் இரண்டாவது வாரம் வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். கழிச்சலைக் கொண்டுவரும் ரோட்டா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி எல்லாம் வரிசையாக வரும் காலம் அது. வால் முடி சடை பிடித்து, பின்னங்கால் வரை மஞ்சளாக வழிந்து, கன்று பாலைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இப்போதும் கழிச்சல் வராமல் இல்லை. வந்தாலும் லேசாக வந்து போய்விடுகிறது, கன்று குடிப்பதை நிறுத்துவதில்லை. நியாயமாகச் சொன்னால், அதே சமயத்தில்தான் கன்றுக்கு ஒரு வாளி என்று தனியாக ஒதுக்கி, தினமும் தேய்த்துக் கழுவிக் காயவைக்கவும் ஆரம்பித்தேன். எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

எடை விஷயத்தில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். ஏற்கெனவே துள்ளிக் குதிக்கும் கன்றுக்கு மார்புச் சுற்றளவை வைத்து எடை கணிக்கும் நாடாவில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. நோஞ்சான் கன்று, இடம் மாற்றிக் கொண்டுவந்த கன்று, இவற்றுக்குத்தான் இது கைகொடுக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் நான் எதிர்பாராதது. பால் குடிக்கும்போது உணவுக்குழாயின் முடிவில் ஒரு பள்ளம் மூடிக் குழாய் போல ஆகி, பாலை முதல் வயிற்றுக்கு விடாமல் நேராக நாலாம் வயிற்றுக்கு அனுப்பிவிடும். பாலில் கலந்த ஈஸ்ட்டும் அதோடு போய்விடும். ஆனால் ஈஸ்ட்டுக்கு வேலை தீவனம் நொதிக்கும் முதல் வயிற்றில்தான். பாக்கெட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு பாதியைப் பாலிலும் பாதியைக் கன்றுத் தீவனத்திலும் கலக்கிறேன். தீவனத்தை மோந்து பார்த்துவிட்டு ஓடிய கன்றுகள் இப்போது தட்டை நக்குகின்றன, அசை போடுவதும் சீக்கிரம் ஆரம்பித்ததாகத் தோன்றுகிறது.

அப்புறம் இந்தப் பாக்கெட்.

ஒரு கிலோ. 5 கிராமாக எடுத்தால் 200 வேளை. கொட்டகையில் இரண்டு மூன்று கன்று வைத்திருப்பவனிடம் இது மாதக்கணக்கில் திறந்தே கிடக்கும். ஜிப் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். முதல் தடவை திறக்கும்போதே பவுடர் ஜிப்பின் இடுக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பிறகு அது மூடவே மூடாது. அளவு ஸ்பூனோ அடியில் புதைந்திருக்கும். முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவவேண்டும், அதுவும் பாலைத் தொட்ட ஈரக் கையோடு. கொஞ்ச நாளில் பவுடர் கட்டி தட்டிவிடும். ஸ்பூனின் பின்பக்கத்தால் நசுக்கிப் போட்டாலும் பாலில் பழுப்பு நிற உருண்டைகளாக மிதந்து, வாளியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கன்று முட்டி முட்டிப் பாலைக் குடித்துவிட்டுப் போகும், மருந்து வாளிக்கு.

உள்ளே இருப்பது சுண்ணாம்புத் தூள் என்றால் நான் இவ்வளவு கத்தமாட்டேன். 2001-இல் உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து கொடுத்த விளக்கப்படி, உயிரோடு இருக்கும் நுண்ணுயிர், அதுவும் போதுமான அளவில் கொடுத்தால்தான் அது புரோபயாடிக். ஈரம் பட்டால் லாக்டோபேசில்லஸ் செத்துப்போகும். பேசில்லஸ் வித்து வடிவில் இருப்பதால் தாக்குப்பிடிக்கும். பாக்கெட்டில் போட்டிருக்கும் கோடிக்கணக்கு தயாரித்த அன்றைக்கு உள்ளது. நான் இன்று கொடுக்கும் ஸ்பூனில் எத்தனை உயிரோடு இருக்கிறது?

கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேன். "குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வையுங்கள் சார்" என்றார்கள். கொட்டகையில் அப்படி ஓர் இடம் இருந்தால் நானே கட்டில் போட்டுப் படுத்துக்கொள்வேன். இப்போது அப்படியே எடுத்துச் சின்னச் சின்ன டப்பாக்களில் அடைத்து வைத்திருக்கிறேன். அவர்கள் செய்யவேண்டிய வேலை அது.

கலக்கும்போது பால் வெதுவெதுப்பாக, உடம்புச் சூட்டில் இருக்கட்டும். கொதிக்கும் பாலில் போட்டால் வீண். டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் அது இந்த பாக்டீரியாவையும் கொல்லும், ஈஸ்ட்டை ஒன்றும் செய்யாது. கழிச்சலில் கண் உள்வாங்கி, கழுத்துத் தோலை இழுத்துவிட்டால் படியாமல் நின்றால், இந்தப் பவுடரை மறந்துவிட்டு எலக்ட்ரோலைட் கரைசலைக் கொடுங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். உயிர் போவது பெரும்பாலும் நீரிழப்பால்தான்.

சரி, நண்பருக்கு என்ன பதில்? வாங்காதீர்கள். உங்களிடம் இருப்பது ஒரே கன்று, அதுவும் சீம்பால் நன்றாகக் குடித்த கன்று. வாளியைக் கழுவுங்கள், போதும். நீங்கள் மட்டும் ஏன் போடுகிறீர்கள் என்று கேட்பார். இப்போது என்னிடம் இருக்கும் சின்னக் கன்று இரண்டாவது வாரத்தில் இருக்கிறது, சாணம் கெட்டியாக இருக்கிறது. இந்த நேரத்தில் நிறுத்திப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. ஆனால் 100 கிராம் பாக்கெட் வரும்வரை இன்னொருவரிடம் "வாங்கு" என்று என் வாயால் சொல்லமாட்டேன்.